சூரியன் மேல் போட்ட பழி

சேரம்பாடி
4.12.2003

அன்பு மகள் ராஜகுமாரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையின் ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினது போல் இருந்தது. தபாலெல்லாம் எஸ்டேட் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது, அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் அழகர்சாமி இருக்கிறார், அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

தேயிலை விலை இன்னும் எழும்பவில்லை, ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. சூரியன் வெடித்ததா என்று நட்சத்திரம் படிக்கிற உன்னிடம் போன மாதம் பூத்திலிருந்து போன் போட்டுக் கேட்டேனே, அது ஏன் என்று இப்போது சொல்கிறேன். காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்கும்போது அழகர்சாமி ஒரு பேப்பரைப் படித்தார். ஐப்பசியில் சூரியனில் பெரிய கொந்தளிப்பாம். அது நிஜமாகவே பேப்பரில் இருந்தது, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஜூடித் டீச்சரும் பார்த்தாள். பிறகு பேப்பரில் இல்லாததை அவராகச் சேர்த்துக்கொண்டார். அந்த அனல் பட்டுத்தான் கொழுந்துல சத்துப் போச்சு, விலையும் போச்சு, சூரியன் பண்ணுனதுக்குக் கம்பெனி என்னங்க பண்ணும் என்று அவ்வளவு பணிவாகக் கேட்டார். எங்களிடம் அவர் மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாளே ஒரு தாள் வந்தது. இயற்கைச் சேதத்தால் தோட்டத்தில் வேலை இல்லை, நாங்களே மனமொப்பி வேலையை விட்டு கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. விலை விழுந்து நாலைந்து வருஷம் ஆகிறது, சூரியன் பொங்கினது இந்த ஐப்பசியில். இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. துரை பங்களா ரோஜாவில் ஓர் இலை கருகவில்லை. சிலோனில் என் அப்பா என்ன தாள் என்று கேட்காமல் கைநாட்டு வைத்தார், நாங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினோம், அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அதனால் எழுதிக் கொண்டுவரும் தாள் எதையும் நான் நம்புவதில்லை.

நீ எழுதிய நாலு பக்கத்தையும் மூன்று தரம் படித்தேன். எனக்குப் புரிந்தது சரிதானா பார். நட்சத்திரம் வெளிச்சம் மட்டும் தருவதில்லை, கோபம் வந்தால் எதையெதையோ வாரி வீசும். சிறிய சிவப்பு நட்சத்திரங்கள்தான் அதிகமாகச் சீறும். மிக அருகில் சுற்றும் கோள்களின் காற்று, வாட்டப் போட்ட கொழுந்தின் ஈரம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். செவ்வாய்க்கு முன்பு நல்ல காற்று இருந்தது, உள்ளே இருந்த காந்தம் அணைந்ததும் சூரியன் அதை உரித்துக்கொண்டு போயிருக்கலாம் என்கிறீர்கள். நமக்குக் காந்தமும் இருக்கிறது, தலைக்கு மேல் காற்றும் இருக்கிறது, அதனால் ஐப்பசிக் கொந்தளிப்பு வடக்கே பனி நாட்டில் கரண்டைக் கெடுத்ததே தவிர நம் கொழுந்தைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார், பிறகு சாப்பிடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து இடது கை போர்வைக்குள்ளேயே இருந்தது. குளிருக்கா, வேறு எதற்கா என்று கவனித்தேன். கையில் மண்ணெண்ணெய் வாடை. நேற்று பிடித்து இழுத்துப் பார்த்தால் கட்டைவிரல் நகக்கண்ணில், தேய்த்தும் போகாத ஊதா மை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அழகர்சாமி தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம். உங்க மக படிக்கறதே இந்தக் கொந்தளிப்பைத்தானுங்களே, நீங்களே கைநாட்டு வைக்கலீன்னா புள்ள படிப்பு பொய்யின்னு ஆயிராதுங்களா என்றாராம். எம்புள்ள படிச்சத நானே இல்லேன்னு சொல்லுவேனா என்கிறார் உன் அப்பா. உன் அப்பா பெயரைச் சொல்லி, தங்கையாவே வைத்துவிட்டார், அவர் மகளுக்குத் தெரியாததா என்று காளியம்மாள் வீட்டோடு ஏழு வீட்டார் பின்னாலேயே வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகைதான் வந்தது.

தாள்கள் மாதக் கடைசியில்தான் கம்பெனிக்குப் போகும், அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்கிறாள் ஜூடித். நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். எனக்கு எழுதாதே, அவர் பெயருக்கு எழுது. ஜூடித் வீட்டு விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் போடு. சூரியன் நம் தோட்டத்தை ஒன்றும் செய்யவில்லை என்று சுற்றி வளைக்காமல் எழுது, அந்த ஏழு வீட்டுக்கும் நானே படித்துக் காட்டுகிறேன். அவரை மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லிவிடாதே. வீடு போகும் என்று தெரிந்துதான் வைத்தாராம், குமாரி. உன் படிப்பு பொய்யாகக் கூடாது என்று வைத்தார்.

மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
தெய்வம்மா