பலா மரத்துத் திருப்பத்தில் ஒரு தகரம்

ரௌத்திரி வருடம், மாசி 3, ஞாயிறு

பனி இன்னும் விடவில்லை. காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வேலை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி ஒரு தகரம். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தாரில் கொஞ்சம் எடுத்து அடுப்பில் இளக்கினேன். குச்சியில் துணி சுற்றி எழுத்து.

போன மாதம் லாரி நுழையாமல் தெரு முனையில் கல் நட்டேன். பெயர்த்துப் போட்டார்கள். இனி எழுத்து.

மலைக்குக் கீழே திருப்பத்தூரில் வளைந்த அம்பு வரைந்து மேலே கோடு அடித்திருப்பார்கள். இங்கே அதை வழிகாட்டும் அம்பு என்று நினைத்துக்கொண்டு நேராக உள்ளே வருவார்கள். 'வண்டிகள் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது' என்று எழுதத்தான் நினைத்தேன். தகரம் சின்னது, தார் எழுத்து தடிமன். ஒரு சொல்தான் பிடித்தது. திரும்பாதே.

ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் வளையும் இடத்தில் பலா மரம். அதில் கட்டிவிட்டேன். கை முழுக்கத் தார். தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை.

மாசி 4, திங்கள்

ஊர்க் கவுண்டர் வந்தார். எனக்கு மருமகன் முறை. தெருக் கோடியில் புளி மண்டி இருக்கிறது, லாரி எப்படிப் போகும் என்று கேட்டார். குட்டைப் பக்கம் போகிற ரோடு எதற்கு என்றேன். அது சுற்று, டீசல் ஆகிறதாம்.

தெரு எங்களுடையது. சாமை காய்வது இங்கே, புளி உடைப்பது இங்கே, பிள்ளைகள் தவழ்வது இங்கே. உள்ளே வந்த லாரிக்கு வளைய இடம் கிடையாது. முனை வரைக்கும் பின்னாலேயே வர வேண்டும். வருகிறார்கள்.

"அத்தை செத்தது எங்களுக்கும் கஷ்டந்தான் மாமா. அதுக்காக ரோட்டை உன் வூட்டுக்குள்ள வச்சிப் பூட்டிப்பியா?"

"வூட்டுக்குள்ள ரோட்டை வுட்டது நீங்க."

காபி குடிக்காமல் போனார். போகட்டும்.

மாசி 6, புதன்

காலையில் ஒரு லாரி முனை வரை வந்து, நின்று, குட்டைப் பக்கம் போனது. எழுத்துக்கு மரியாதை இருக்கிறது.

பக்கத்து வீட்டு முனியம்மா சொல்கிறாள்: "உன் தகரத்தைப் பாத்துட்டு என் கோழி கூட வூடு திரும்பல பெரியப்பா." சாயந்திரம் கோழி வந்துவிட்டது. சொல்லி அனுப்பினேன், கோழிக்குப் படிக்கத் தெரியாது என்று.

சனிக்கிழமை என் வீட்டுக்காரி பூங்காவனத்துக்கு வருஷப் படையல். சாமை அரிசி இருக்கிறது. வெல்லம், வெற்றிலை, வாழை இலை கீழேயிருந்து வர வேண்டும்.

போன வருஷம் இதே புளிக்காலம்தான். வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். லாரி பின்னால் வந்தது. கிளீனர் எங்கள் கோவிந்தன். ஒரே மகன். லாரிப் பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "வரலாம், வரலாம், வா வா வா." அவன் கண் சுவரின் மேல். நம் வீட்டுச் சுவர் உரசிவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறான். சிதறின கொட்டையைக் கூட்ட இவள் குனிந்திருக்கிறாள்.

சுவரில் ஒரு கீறல் இல்லை.

மண் போட்டு வந்த அன்றைக்கே அவனிடம் சொன்னேன், "நீதானே வரலாம்னு சொன்ன." சாயந்திரம் கீழே இறங்கிப் போனான். கடிதம் கிடையாது, ஆள் மூலமும் சேதி கிடையாது.

வாசலில் யாராவது நின்று "வரலாமா" என்றால் வா என்பேன். 'வரலாம்' என்கிற சொல்லை நான் வாயால் சொல்வதில்லை.

மாசி 9, சனி

படையல் முடிந்தது. வெற்றிலை வாடி வந்தது. வெல்லத்தில் மண்.

இரண்டு இலை போட்டேன். முனியம்மா இரண்டாவது இலைக்கும் தண்ணீர் தெளித்தாள்.

பொழுது சாய்கிற நேரம் பலா மரத்தடியில் ஜீப் நின்ற சத்தம். எழுந்து வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டேன். யாரும் தெருவுக்குள் வரவில்லை. ஜீப் புறப்பட்டுப் போனது. இரண்டாவது இலையை ஆட்டுக்கு வைத்தேன்.

மாசி 10, ஞாயிறு

ஜீப் ஓட்டுகிற மணி வந்தான். வண்டியை மரத்தடியில் விட்டு நடந்து வந்தான். கையில் காகிதப் பொட்டலம். புடவை. பச்சையில் மஞ்சள் கரை.

"கோவிந்தன் குடுக்கச் சொன்னான். படையல்ல வைக்க."

அவன் எங்கே என்றேன்.

"நேத்து என் வண்டிலதான் வந்தான் பெரியவரே. பலா மரத்தாண்ட எறங்கினான். தகரத்தைப் பாத்துனே நின்னான். 'எங்க நைனா எழுத்து'ன்னான். அதுக்கு இன்னாடான்னேன். 'என்னைத் திரும்பி வராதன்னு எழுதி வச்சிருக்காரு'ன்னான்."

"அது வண்டிக்குடா."

"வண்டின்னு அதுல எங்க இருக்குது? சொல்லிப் பாத்தேங்க. வண்டில ஏறி உக்காந்துட்டான். கீழ எறங்கறப்ப இந்தப் பொட்டலத்தைக் குடுத்தான்."

புடவையை அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒரு நாள் தாமதம். மடிப்பைப் பிரிக்கவில்லை.

வண்டி என்று மூன்று எழுத்து கூடப் போட்டிருந்தால். தகரம் சின்னது.

மாசி 12, செவ்வாய்

பனி குறைவு. கஞ்சி குடிக்கவில்லை.

ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஊர்க் கவுண்டர் வழியிலேயே பிடித்துக்கொண்டார். இந்த முறை மெதுவாகப் பேசினார். "இப்பவாவது கழட்டிடு மாமா. பெத்த புள்ள திரும்பிப் போய்ட்டானே." நியாயம்தான். குறட்டோடு மரத்தடிக்குப் போனேன். கட்டின கம்பி இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் முறுக்கைப் பிரித்தேன். தகரம் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஏறி வந்தது. என்னையும் தகரத்தையும் பார்த்து டிரைவர் வண்டியை நிறுத்தினான். புது ஆள். தலையை வெளியே நீட்டி, "கழட்டறீங்களா பெரியவரே? வரலாமா?"

தெருவைப் பார்த்தேன். முனியம்மாவின் பேத்தி சாமைப் பாயின் மேல் உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தாள்.

குட்டைப் பக்கம் கையைக் காட்டினேன். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போய் மிச்சத் தாரை இளக்கி எடுத்து வந்தேன். சொல்லுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இடம் இருந்தது. குச்சியைச் சீவிச் சின்ன எழுத்தாக எழுதினேன். 'ஆள் வரலாம்.' தார் அதிகம் இளகியிருந்ததில் கடைசி எழுத்தின் புள்ளி வழிந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும். கம்பியை மறுபடி முறுக்கிக் கட்டினேன்.

மதியம் மணி கீழே போகும்போது நிறுத்தி, கோவிந்தனிடம் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவனுக்குப் படிக்கத் தெரியும்.