ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளையும் நலமா? போன மாதமே வருகிறேன் என்றாய். உனக்கென்ன, பெரிய ஆள், அக்கா ஞாபகம் எங்கே வரப்போகிறது?

ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கும் எங்கள் தெருக்குழாயில் சில நாள் தண்ணீர் கருநீலமாக வருகிறது. பக்கத்து வீட்டுத் தையற்காரியின் மகளுக்கு முழங்கை வரை தோல் உரிகிறது. அது அழுகிற அழுகையைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. தெருவே சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறோம்.

மேலே கரையோரம் இருக்கும் சாய ஆலை நீ வேலை பார்ப்பது ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதே, கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் வேலையா இது?

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வேலைதான். கழிவைச் சுத்தம் செய்ய இயந்திரம் இருக்கிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று முதலாளி ஓட்டவிடுவதில்லை. சனிக்கிழமை ராத்திரி தொட்டியை அப்படியே ஆற்றில் திறந்துவிடுகிறோம். ஞாயிறு காலை உங்கள் பக்கம் வந்துவிடும். செவ்வாய் கழிந்தால் தெளிந்துவிடும்.

நீ சனிக்கிழமை காலையிலேயே பிடித்து வைத்துக்கொள். யாரிடமும் மூச்சு விடாதே. தெரிந்தால் என் வேலை போய்விடும், பிள்ளையை இப்போதுதான் பள்ளியில் சேர்த்திருக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

திட்டினாலும் திட்டிக்கொள். ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் தாயிடம் சொல்லிவிட்டேன். உன் பேச்சே எடுக்கவில்லை. இப்போது சனிக்கிழமை ஆனால் தெருவே குடமும் டிரம்முமாக நிற்கிறது. குழந்தைக்குக் கை ஆறி வருகிறது.

இன்னொரு நல்ல சேதி. மனுவைப் பார்த்துத் திங்களன்று அதிகாரி வந்தார். மத்தியானம், குழாயில் தண்ணீர் நின்றுபோன நேரம். வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு ஆளாளுக்குச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "நீங்க குடிக்கிற தண்ணியக் கொஞ்சம் குடுங்கம்மா, சோதனைக்கு அனுப்பணும்" என்று கேட்டார். என் டிரம்மிலிருந்து நானே பாட்டிலைக் கழுவி நிரப்பிக் கொடுத்தேன். "பாக்க நல்லாத்தானே இருக்கு?" என்றார். "கண்ணுக்குத் தெரியாததையும் மெஷின் கண்டுபிடிச்சிடும்ல சார்?" என்று தையற்காரி கேட்டாள். அவரும் தலையாட்டினார். எங்களுக்கு விடிவு வந்துவிட்டது, தம்பி.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

சோதனை முடிவு வந்துவிட்டது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லையாம். முதலாளி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

என்ன காரியம் செய்துவிட்டாய்? நான் உன்னைப் பிடித்து வைக்கச் சொன்னது நல்ல தண்ணீர். அதைத் தூக்கியா அவர் கையில் கொடுப்பாய்? மறுநாள் காலை குழாய் வரும்வரை அவரை நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா? உன்னைச் சொல்லி என்ன பயன், நாளைச் சொன்னவனே நான்தானே.

இனி பயமில்லை என்று தினமும் திறக்கச் சொல்லிவிட்டார். வால்வு என் பொறுப்பில் இருக்கிறது. முந்தாநாள் திறந்தேன், நேற்றும் திறந்தேன். எந்த நாள் பிடித்து வைப்பது என்று கேட்காதே, அப்படி ஒரு நாள் இனி இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு. இங்கே குழாய்க்குத் தண்ணீர் எடுப்பது ஆலைக்கு மேல்பக்கம்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நான் வரவில்லை. சனிக்கிழமை தெருவே டிரம் நிறையக் கருநீலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். குழந்தையின் கை மறுபடி உரிய ஆரம்பித்துவிட்டது. அந்தத் தாயை விட்டுவிட்டு நான் மட்டும் மேல்பக்கம் வந்து எந்த வாயால் குடிப்பேன்?

உனக்குப் பிள்ளை இருக்கிறது, வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வால்வு உன் கையில் இருக்கும்வரை என் வீட்டுக்கு வராதே. வெயிலில் வருவாய், வந்ததும் தண்ணீர் கேட்பாய். உன் அக்கா அதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்கமாட்டாள்.

அக்கா