சிவப்பு வளையம் போட்ட சாம்பல் சேவல்

குருவிக் கூட்டுக்குள் தலையை விட்டபடியே "பிள்ளை, தண்ணி மாத்தினியே?" என்று கேட்கும் என் அண்ணைக்கு,

ஒரு பிழையை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். இருந்திருந்தால் கத்தியிருப்பீர்கள். கத்தினால் நல்லது என்றுதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கதைத்தது உங்கள் பிஞ்ச் குருவிகளைப் பற்றித்தான். "மண்ணிறப் பெட்டை ரெண்டுக்கும் வயசு போட்டுது. சிவப்பு வளையம் போட்ட சாம்பல் சேவலை விட்டிடாதை. அதுக்குள்ளை மண்ணிறம் ஒளிச்சிருக்கு." நான் ஓம் என்றேன். கூட்டில் இருந்த மூன்று சேவல்களும் ஒரே சாம்பல். கால் வளையத்தைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது.

செத்தவீட்டு அமளியில் தண்ணீர் வைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மண்ணிறப் பெட்டைகள் இரண்டும் அந்தக் கிழமையே போயின. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு கழுவிய அன்று கூட்டையும் கழுவினேன். ஒரு சேவலின் காலில் வளையம் இறுகி வீங்கியிருந்தது. பாவம் பார்த்து நகவெட்டியால் வெட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். மற்றவைக்கும் நோகுமே என்று எல்லா வளையங்களையும், நிறம்கூடப் பார்க்காமல், வெட்டிக் குப்பையில் போட்டேன். கை கழுவும்போதுதான் நீங்கள் சொன்னது நினைவு வந்தது. நீங்கள் வருஷக்கணக்காய்க் காப்பாற்றிய நிறம் இப்போது எந்தச் சேவலுக்குள் இருக்கிறது?

ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு சாம்பல் பெட்டையைச் சோடி சேர்த்துத் தனிக் கூட்டில் விட்டேன். விடிந்தால் முட்டையிடக் கட்டிவிட்ட மண்முட்டிக்குள் எட்டிப் பார்ப்பதே வேலை. முதல் சோடி மூன்று குஞ்சு பொரித்தது. இறகு முளைக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றும் சாம்பல். இது இல்லை என்று முடிவு கட்டி, அந்தச் சேவலை உங்கள் கூட்டாளி குகன் அண்ணைக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டு சோடிகளும் அடுத்தடுத்துப் பொரித்தன. எல்லாம் சாம்பல். கடைசியில் வாய் கூசாமல், "அண்ணை வருத்தத்திலை கிடந்து மாறிச் சொல்லிப்போட்டார்" என்று குகன் அண்ணையிடமும், கேட்ட எல்லாரிடமும் சொன்னேன்.

போன கிழமை தினை போடும்போதுதான் உறைத்தது. முதல் சோடியின் மூன்று குஞ்சுகளுக்கும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. மூன்றும் சேவல்கள்!

நீங்கள் ஒருமுறை சொன்னீர்களே: "மகன்மாரிலை அது ஒளிஞ்சிருக்கும். மகள்மாரிலைதான் வெளியிலை வரும். உன்னை மாதிரி, பெட்டையள்தான் காட்டிக்குடுக்கும்." சின்ன வயதில் நீங்கள் மதிலேறிப் பாய்ந்ததை அம்மாவிடம் சொன்னதற்கு இன்னும் பழி வாங்குகிறீர்கள் என்று முறைத்துக்கொண்டு போனேன். குருவிக்கதை காதிலேயே ஏறவில்லை. ஒரு மகள்கூட இல்லாத குஞ்சுகளைப் பார்த்து எப்படி முடிவு கட்டினேன், அண்ணை?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் பறந்தேன். குகன் அண்ணை தன் சைக்கிள் கடையில் டயர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நான் தந்த சேவல் நிக்குதே?"

"அது முந்தநாள் செத்துப்போச்சு பிள்ளை. பூனை கம்பிக்குள்ளாலை கையை விட்டிட்டுது."

கடைப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லகாலம், அதோடை சோடி விட்ட என்ரை சாம்பல் பெட்டையும் குஞ்சுகளும் தப்பிட்டுதுகள். ஆனா ஒரு குஞ்சுக்கு என்ன வருத்தமோ தெரியேல்லை, நிறமே பிடிக்கேல்லை. வந்து பாரன்."

பின்பக்கம் ஓடிப்போய் முட்டிக்குள் பார்த்தேன். மூன்று சாம்பல் குஞ்சுகளுக்கு நடுவே, பால் தேத்தண்ணி நிறத்தில் ஒன்று.

"வருத்தமில்லை. சாம்பல் தாய்க்கு இப்பிடிப் பிறந்தா அது மகள்தான்," என்றேன். "எங்கடை அண்ணை மாறிச் சொல்லேல்லை. நான்தான் வளையத்தை வெட்டினனான்."

"அவனாவது மாறிச் சொல்லுறதாவது," என்று குகன் அண்ணை பசை ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

அவள் இன்னும் முட்டியை விட்டு வெளியே வரவில்லை. பூனை இன்னும் அந்த மதிலில்தான் படுத்திருக்கிறது. குகன் அண்ணை இரட்டைக் கம்பிவலை அடித்திருக்கிறார். ஆனாலும் தினமும் போய்ப் பார்க்காமல் எனக்கு நிம்மதி இல்லை.

அவளை விடமாட்டேன், அண்ணை. நீங்கள் மாறிச் சொன்னதாக யார் யாரிடம் சொன்னேனோ, அத்தனை பேர் வீட்டுக்கும் போய் இந்த முறை என்னையே காட்டிக்கொடுப்பேன்.

உங்கள் கோள்மூட்டித் தங்கச்சி,
வதனி