யார் வீட்டுப் பிள்ளை போட்ட சட்டை

செவ்வாய்க்கிழமை.

இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்கிறேன்; என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இது உப்பு வாரிய கை.

பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன துணி, நடைவண்டிகளை அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் மாற்றிக்கொள்ள மருமகள் செல்வி ஒரு வெப்சைட் செய்தாள். இன்று அதை முழுவதும் நானே வாசித்தேன். எவ்வளவு சந்தோஷம்! ஆனால் அதிலிருந்து ஒரு பொருளையும் யாரும் எடுக்கவில்லை. கொடுப்பவர் பெயரை அவள் மறைத்துவிட்டாள்.

அனுமந்தையிலிருந்து துணி பார்க்க வந்த கர்ப்பிணிப் பெண் செல்வியிடம் கேட்டாள்: "யாரு வூட்டுப் புள்ள போட்டதுன்னு தெரியாம எப்படிக்கா போடுறது? அது நல்லா இருக்குதா, நோயில கெடக்குதா?"

அவள் போனதும், "பேரைப் போட்டுடேம்மா" என்றேன்.

"போட்டா யாரு மாமா குடுப்பாங்க? கஷ்டத்துல வித்துட்டாங்கன்னு ஊரே சிரிக்கும்."

வெப்சைட்டை மூடிவிட்டு, நாளை முதல் உப்பள வேலைக்கே போகப்போகிறாளாம். அடுத்த வாரமும் எழுதுவேன், வாசிக்க அந்த வெப்சைட் இல்லாவிட்டாலும்.