தோளுக்கு வந்த வேண்டுதல் முடி

நம் பிரித்திகாவின் நைனாவுக்கு,

ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பதி கிளம்பிவிட்டேன். ராத்திரி உங்கள் முடிக்காகப் போட்ட சண்டையில் சரியாகத் தூங்கவில்லை நீங்கள், அதனால் எழுப்பவில்லை. குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

எனக்கு முதல் ரத்தப் புற்றுநோய் வந்தபோது, "இவளுக்கு நல்லாயிட்டா மலையில முடி எறக்கறேன், சாமி" என்று வேண்டிக்கொண்டு வளர்த்தீர்கள். இப்போது இரண்டாவதாக வேறு வகை ஒன்றும் சேர்ந்துகொண்டது, முடி தோளுக்கு வந்துவிட்டது. இரண்டுமே போகாது, மாத்திரை போட்டுக்கொண்டு கூடவே வாழலாம் என்று டாக்டர் உங்களிடமும்தானே சொன்னார்?

சாயந்திரம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், மலைக்குப் போவோம்.

மறந்துவிட்டேன், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு செங்கம்மாவிடம் கொடுங்கள்.

"வேண்டிக்கினது நடக்காம எப்படி எறக்கறது?" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். சாமிகிட்ட, "நோயும் போகல, இவளும் போகல"ன்னு சொல்லிட்டு எறக்குங்க.