உன் மனுசன் மறுபடி கூரை ஏறாதிருக்க

இன்று காலை ரோபோவின் துணி உருளையைக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கினேன். தண்ணீர் உடனே மண்நிறமாகிவிட்டது. பிழிந்த கையை மூக்கருகே கொண்டுபோனேன். உப்பும் துருவும் நனைந்த பருத்தியும் கலந்த அந்த வாசத்தை முதன்முதல் என்னை மோந்து பார்க்கச் சொன்னவள் நீதான். "கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில இருந்து சட்டை தைக்கிற மாதிரி இருக்கு புள்ள" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்ததும் உருளையை வெயிலில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் மாம்புரியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கதிரையைத் துடைத்து உட்கார்ந்து எழும்பினால் மறுபடி துடைக்க வேண்டியிருக்கிறது. கடலின் உப்பும் கரையின் மணலும் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடுகின்றன. நாம் செய்த வேலையும் இப்படியொரு காற்றுக் காலத்தில்தான் தொடங்கியது.

முஸ்லிம்களை விரட்டிய நாட்களில் மன்னாரிலிருந்து நம் குடும்பங்களை வள்ளத்தில் ஏற்றிவந்து கற்பிட்டியில் இறக்கியபோது நம் இருவருக்குமே சரியாக நினைவு தெரியாத வயது. முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்கள். சின்ன வயது என்றதும் எனக்கு முதலில் வருவது தண்ணீர்தான். உவர்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை முகத்தைச் சுளிக்காமல் குடிப்பது யார் என்று நாம் போட்டி வைப்போம். எப்போதும் நீதான் வெல்வாய். பிறகு நான் படித்து, பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பப் பாடம் எடுக்க வந்தேன். நீ சிலாபம் பக்கம் கார்மென்ட்டில் சேர்ந்து, தையல் மெஷின் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டாய். அந்தப் பழுது பார்க்கும் பகுதியில் நீ ஒருத்திதான் பெண். சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் அங்கேதான் பழகினாய்.

அதனால், பள்ளிவாசல் வளவில் குடிதண்ணீர் வடிகட்டும் நிலையம் வந்த நாள் நமக்கு ஒரு பெருநாள் மாதிரி. கரண்ட் பில் கட்ட ஏலாது என்று ஜமாஅத்தார் கூரைமேல் சோலார் பெனல்களைப் போட்டார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உன் மனுசன் நஸார் நானாவுக்கு. காலையில் பம்பைப் போடுவார், தண்ணீர்க் கான்களோடு வருகிற பெண்களைப் பகிடி பண்ணுவார், பின்னேரம் வளவைக் கூட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

அந்த வருடம் காற்று ஓயவே இல்லை. பெனல்களில் உப்பு ஒட்டி, உப்பின் மேல் மணல் ஒட்டி, நல்ல வெயிலிலும் பம்பு நண்பகல் லுஹர் தொழுகையோடு களைத்து நின்றுவிடும். வரிசையில் நின்ற பாதிப் பேர் வெறும் கானோடு திரும்பினார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நஸார் நானா வாளியும் பிரஷ்ஷுமாகக் கூரை ஏறினார். நனைந்த கண்ணாடி அவரைக் கீழே தள்ளிவிட்டது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கால் முழுக்க மாக்கட்டோடு அவர் படுத்திருக்க, நீ கட்டில் ஓரத்தில் பாணைப் பிய்த்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் போய் நின்றதும் அவர் சொன்ன முதல் கதையே, "கால் சரியானதும் மிச்சத்தையும் கழுவிப்போடணும், டீச்சர்" என்பதுதான். நீ பாணை வைத்துவிட்டு எழும்பினாய். என்னை வெளியே கூட்டிவந்து சுவரில் சாய்ந்துகொண்டாய்.

"கேட்டாய்தானே? திரும்பவும் ஏறுவார்."

"ஏற விடாத."

"நான் சொன்னா நிப்பாரா? தண்ணி இல்லாம ஆக்கள் திரும்பிப் போனா அவருக்குச் சோறு இறங்காது. அவர் ஏறத் தேவையில்லாத மாதிரி ஒன்று செய்யணும்."

நான் பாதுகாப்புப் பட்டி, நல்ல ஏணி என்று ஏதோ சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். "அதெல்லாம் ஏறுறதுக்கு உள்ள சாமான். நான் ஏறாம இருக்கிறதுக்குக் கேக்குறன்."

நீ கேட்டது ஒரு இயந்திரம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பயம்தான் வந்தது. ரோபோ என்றால் பாடப் புத்தகத்தில் படம் காட்டத் தெரியுமே தவிர, ஒன்றைச் செய்து ஓடவிட்டது கிடையாது. நீ பயப்பட்டதாகத் தெரியவில்லை. பயந்திருந்தாலும் என்னிடம் காட்டியிருக்க மாட்டாய்.

ஜமாஅத் தலைவரிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "பொம்பிளைகள் கூரையில ஏறுறது சரியா வருமா, மகள்?" என்றார். நீ அமைதியாகச் சொன்னாய்: "நாங்களும் ஏற மாட்டம், ஹாஜியார். ஒருத்தரும் ஏறக் கூடாது என்றதுக்குத்தானே இது." அவர் சிரித்துவிட்டார். கழற்றி வைத்திருந்த கீறல் விழுந்த பழைய பெனல் ஒன்றை நமக்குக் கொடுத்தனுப்பினார். அதைச் சாய்வாக நிறுத்தி வைக்க உன் வீட்டு முற்றத்தில் பலாமரத்துக்கு அப்பால் வெறுந்தரை இருந்தது.

பெனல் வரிசையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சில்லுகள் உருள, குறுக்கே நீண்ட ஒரு சட்டம், சட்டத்துக்குள் சுழலும் பிரஷ், ஓரத்தில் மோட்டர். இதுதான் நம் எண்ணம். கார்மென்ட்டில் கழித்த மெஷின்களிலிருந்து மோட்டரும் பட்டியும் கேட்டு வாங்கிவந்தாய். சாய்வில் சட்டம் வழுக்காமலிருக்க எவ்வளவு பாரம் இருக்கலாம் என்று நான் கணக்குப் பார்த்தேன். என் கணக்கு ஒருமுறை பிழைத்தது. உன் பட்டி ஒருமுறை அறுந்தது. யாருடைய பிழை பெரிது என்று நஸார் நானாவிடம் தீர்ப்புக் கேட்போம். ஊன்றுகோலை மடியில் வைத்தபடி, "ரெண்டு பேரும் பாஸ் இல்ல" என்பார்.

முதலில் குழாயால் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தோம். கண்ணாடி பளிச்சென்று வந்தது. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். கிணற்றுத் தண்ணீரின் உவர் அது. அழுக்கைக் கழுவி உப்பைப் பூசியிருந்தோம். வடிகட்டிய தண்ணீரை விட்டால் சரிவரும் என்றேன். உன் முகம் மாறிவிட்டது.

"குடிக்கிற தண்ணியக் கண்ணாடிக்கு ஊத்த என்னால ஏலாது, புள்ள. வேற சொல்லு."

தண்ணீரே இல்லாமல் பிரஷ்ஷை ஓட்டினோம். மணல் போனது, உப்பு போகவில்லை. இன்னும் அழுத்தியபோது கண்ணாடியில் கீறல் விழுந்தது. அந்தப் பின்னேரம் நான் மனம் விட்டுப்போய், பாலைவன நாடுகளில் உலர்ந்த தூசிக்குச் செய்வது இந்தக் கரையின் உப்புக்குச் சரிவராது, விட்டுவிடுவோம் என்றேன். நீ மறுக்கவில்லை. பிளேன்டீ ஊற்றித் தந்தாய். "நாளைக்கு விட்டுடுவம். இண்டைக்குக் களைப்பு" என்றாய். களைப்பு என்று நீ சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு என் வீட்டு ஜன்னலடியில் வந்து நின்றாய். தொழுகைச் சால்வை இன்னும் தலையில் இருந்தது. "வா, வா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பலாமரத்தைக் கடந்துபோய்ப் பார்த்தால், சாய்த்து வைத்த பெனலில் உன் ஐந்து விரலும் பதிந்திருந்தன. விரல் பட்ட இடமெல்லாம் கண்ணாடி கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

"சும்மா கையை வெச்சன். அவ்வளவுதான்" என்று உள்ளங்கையைக் காட்டினாய். மண்நிறத் தண்ணீர்.

பனி. காற்றுக் காலத்தில் பனி குறைவு என்றாலும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விடியும்வரை ஊறி இளகிக் கிடக்கும் அழுக்கை வெயில் வந்துதான் திரும்பக் காயவைத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடுகிறது. நாம் வெயிலை முந்திக்கொண்டு ஒரு துணியால் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஈரத் துணியால் மணலோடு தேய்த்தால் கீறுமே என்றேன். இருவரும் பெனலின் இரு பக்கமும் நின்று யோசித்தோம். பிறகு நான் சொன்னேன், முதல்நாள் பின்னேரமே மெல்லிய பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டால் விடியற்காலையில் துணிக்கு மிஞ்சுவது உப்பு மட்டும்தான் என்று. நீ என்னையே பார்த்தாய். "அப்ப நீ டீச்சர்தான்" என்றாய். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றை வைக்க எனக்குத் தோன்றியதில்லை.

டீ-சேர்ட் வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகளை உருளையில் சுற்றி, நீண்ட தடியால் கீழே நின்றே கழற்றித் துவைக்கும்படி நீ தைத்தாய். பின்னேரம் பிரஷ், விடியலில் துணி.

கூரைக்கு ஏற்றிய நாளில் வளவு நிறைய ஆட்கள். சோலார் பொருத்தும் ஆட்கள் இருவர் இடுப்பில் பட்டி கட்டி ஏறி அதை வைத்துவிட்டு இறங்கினார்கள். சட்டத்தில் கயிறு ஒன்றையும் கட்டச் சொன்னாய். அதெல்லாம் தேவல்ல, ஓரம் வந்ததும் சுவிட்ச் நிறுத்திவிடும் என்றேன். "மெஷினையும் நம்பு, கயிற்றையும் கட்டு" என்றாய்.

ரோபோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழகாக ஊர்ந்தது. பின்னால் கறுப்புக் கண்ணாடி அகன்றுகொண்டே வந்தது. கடைசிப் பெனலின் ஓரத்தில் அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சுவிட்சின் முள்ளில் உப்புப் பிடித்திருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டம் ஓரத்தைத் தாண்டிச் சரிந்து கயிற்றில் தொங்கியது. யாரோ அடக்கமாகச் சிரித்தார்கள். என் கண் கலங்கியது. நீ மேலே பார்த்தபடி, "விழல்லதானே" என்றாய்.

அடுத்த கிழமை நீ செய்த இரும்புத் தடுப்புகளை அதே ஆட்கள் ஏறி இரண்டு முனையிலும் பூட்டினார்கள். முட்டினால் பட்டி வழுக்கிச் சட்டம் அங்கேயே நிற்கும். உப்புப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. சுவிட்சையும் மூடிக் கட்டினோம். அன்றிலிருந்து அது விழவில்லை. பம்பு பின்னேர அஸர் தொழுகை வரை ஓடியது. கானோடு வந்தவர்கள் தண்ணீரோடு போனார்கள். நஸார் நானா கீழே கதிரை போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஏறவே தேவல்லயா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

"கீழ இருந்து அதிகாரம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போனாய். நீ அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

உன் நோய் வெளியே தெரிந்தது அதற்குப் பிறகு. கொழும்புக்குப் போவதும் வருவதுமாக ஒரு காலம். தலைமுடி போனதும், "கார்மென்ட்டில தொப்பி போடச் சொல்லித் தொல்லை குடுத்தாங்க, இனித் தேவல்ல" என்றாய். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாய். அங்கிருந்து கூரை தெரியாது, ரோபோ ஓடும் சத்தம் கேட்கும். விடியலில் நான் வந்தால், "இன்றைக்கு இடப்பக்கச் சில்லு முனகுது. எண்ணெய் போடு" என்பாய். போய் நின்று கேட்டால் முனகிக்கொண்டிருக்கும். நோயைப் பற்றி நாம் கதைத்தது குறைவு. எனக்கு அதில் குறையில்லை. வேலை இருந்தது, கதைக்க வேறு விஷயம் நிறைய இருந்தது. கடைசிக் கிழமையில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் ஏறல்லதானே?" என்று கேட்டாய். "இல்ல" என்றேன். "அப்ப சரி" என்றாய். ஒரு வெள்ளிக்கிழமை நீ மௌத்தானாய். மையவாடியில் உன்னை அடக்கிவிட்டு வந்தவர்கள் வளவுக் குழாயடியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.

நஸார் நானா நன்றாக இருக்கிறார். கால் கொஞ்சம் இழுக்கும். சமையல் பழகிவிட்டார், மீன் ஆணத்துக்குப் புளி மட்டும் கூடிப்போகிறது.

போன கிழமை முந்தல் ஊரில் ஒரு இறால் பண்ணைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். குளத்துக்குக் காற்றடிக்கும் மோட்டர்களைச் சோலாரில் ஓட்டுகிறார். அங்கேயும் உப்புத்தான் பிரச்சினை. அதே அளவுகளில் செய்த இரண்டாவது ரோபோவை வேனில் ஏற்றிக்கொண்டு நானும் நஸார் நானாவும் போனோம். நானா கீழே நின்று கயிற்றைப் பிடித்தார். அது ஓடி முடிந்ததும் பண்ணைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, "மிஸ், இது யார் செய்தது? நீங்களா?" என்று கேட்டார்.

"நாங்கள்" என்றேன்.

அவர் நஸார் நானாவைப் பார்த்தார். நானா தலையசைத்து, தான் இல்லை என்றார். பண்ணைக்காரருக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்த எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டாலும் அதுதான் வருகிறது. நீ போய்விட்டாய் என்று மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது. என் வாய்க்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. இந்த வேலையைப் பற்றிக் கதைக்கும்போது 'நான்' என்று தொடங்க அது மறுக்கிறது. நானும் அதைத் திருத்தப்போவதில்லை.