பிரஷர் மருந்து இல்லை

புதன்கிழமை. ஊரடங்கின் இருபத்திரண்டாம் நாள்.

கிளினிக்குக்குப் போக முடியாததால் என் மருந்தைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். கேற்றடியில் தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டதும் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

தங்கை முந்திக்கொண்டாள். "ராத்தாட பிரஷர் மருந்து."

தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெரியும்மாவான எனக்கு மனநோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்களாம்.

"பிரஷர் இல்ல, மனசுக்குரிய மருந்து. அடைஞ்சு கிடந்து நித்திரை வாறல்ல," என்றேன்.

"வாயப் பொத்திக்கிட்டு இருக்க ஏலாதா ராத்தா?" என்று அழுதாள் தங்கை. இன்னும் என்னோடு பேசவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மதிலுக்கு அப்பாலிருந்து அந்தப் பெண் கேட்டாள்: "டீச்சர், அந்தக் கிளினிக் எந்தெந்த நாள்ல? எனக்கும் நித்திரை இல்ல."

அது அவளுடைய விஷயம்; அவளுக்கு மெதுவாகத்தான் பதில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் என் மருந்தைப் பற்றிக் கேட்டால் சத்தமாகவே சொல்வேன்.